யாருடைய நினைவுப்பொருள்?

பெக்கான் நானாஸ் என்னும் எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது அன்னாசி. பொந்தியான் மாவட்டத்தின் கரிய சதுப்பு மண்ணில் அன்னாசி விளையும் இடமெல்லாம் பாராங்கும் உண்டு. களை வெட்டவும், கன்று பிரிக்கவும், பழம் அறுக்கவும், வழியை மறைக்கும் புதரை விலக்கவும் அந்த ஒரு கத்தியே துணை. அதன் பிடி, உழைப்பவனின் உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. மண்வெட்டியைப் போல அதுவும் சோறு தரும் கருவி.

அதே பாராங் 1945-இல் வேறொரு முகம் காட்டியது. ஜப்பானிய ஆட்சி குலைந்து, ஆங்கில ஆட்சி இன்னும் காலூன்றாதிருந்த குழப்பக் காலத்தில், எமக்கு வடக்கேயுள்ள பத்து பகாட், மூவார் வட்டாரங்களில் அண்டை அயலாராக வாழ்ந்தோர் இன வேறுபாடு கருதி மோதிக்கொண்டனர். தோட்டத்துக் கத்தியே அன்று கொலைக் கருவியாயிற்று. இரும்பு மாறவில்லை, அதனை ஏந்திய கையை இயக்கிய அச்சமும் வெறியும்தாம் புதியவை. ஆதலின், ஒரு கத்தியைப் பார்த்த அளவில் அது இன்னதென்று சொல்லிவிட முடியாது. அது யார் கையில், எப்போது, எதற்காக இருந்தது என்று கேட்டாக வேண்டும். கேட்பதற்கு ஆளின்றிப் போன கத்திகளைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகின்றது.

நம் பாராங்கிற்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க கத்தி ஒன்று பிலிப்பைன்ஸ் உழவனின் கையில் உண்டு. பொதுவாக அதனைப் ‘போலோ’ என்பர். தேங்காய் வெட்டுவதும் மூங்கில் பிளப்பதும் கரும்பு அறுப்பதும் அதன் அன்றாடப் பணிகள். 1896-இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கத்திபுனான் இயக்கத்தார் கிளர்ந்தெழுந்தபோது, துப்பாக்கி கிடைக்காதவர்கள் ஏந்தியது இதனையே. 1899-இல் அமெரிக்கரோடு மூண்ட போரிலும், பின்னர் 1942 முதல் 1945 வரை ஜப்பானியரை எதிர்த்து நடந்த கெரில்லாப் போரிலும் இதுவே ஏழையின் படைக்கலமாக இருந்தது. தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் வாழும் முஸ்லிம் மக்களிடையே கிரிஸ், கம்பிலான், பாரோங் என்னும் பெயர்பெற்ற வாள்கள் வழங்கின. இவற்றுள் எத்தனையோ, இந்த இரு போர்க் காலங்களிலும் அமெரிக்கப் போர்வீரரின் பெட்டிகளில் ஏறிக் கடல் கடந்தன. அவர்தம் வீட்டுச் சுவர்களில் தொங்கின. ‘போர் நினைவுப்பொருள்’ என்று புதுப்பெயரும் பெற்றன.

ஆண்டுகள் கழிந்தன. கொண்டுவந்தவர் மறைந்தார். பேரனின் கையில் வாள் இருக்கின்றது. “தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது” என்னும் ஒரே ஒரு வாக்கியம் அதனோடு இருக்கின்றது. நினைவுப்பொருள் என்கிறோம். யாருடைய நினைவு? கொண்டுவந்தவரின் நினைவா? கொடுத்தவரின் நினைவா? பறிகொடுத்தவரின் நினைவா? அல்லது அவ்வாளால் வீழ்ந்தவரின் நினைவா? அதனை இன்று வைத்திருப்பவர் இவர்களுள் யாருக்குக் கடமைப்பட்டவர்?

இக்கேள்விக்கு உடனடியாக இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. “பிறர் பொருள் பிறருடையதே, திருப்பிக் கொடுத்துவிடு” என்பது ஒன்று. “போர் முடிந்தது, பகையும் முடிந்தது, இறந்தோர் மீள்வரோ? வைத்துக்கொள்” என்பது மற்றொன்று. முதல் விடையில் நேர்மை தொனிக்கின்றது. இரண்டாவதில் உலகியல் அறிவு தொனிக்கின்றது. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கையிலிருப்பது என்னவென்று அறிவதற்கு முன்பே இரண்டும் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. வழக்கைக் கேளாமல் தீர்ப்பு எழுதும் நீதிபதியை நாம் மதிப்பதில்லை. வாளின் வழக்கை மட்டும் கேளாமல் விடலாமோ?

கேட்கும் முறை ஒன்று உண்டு. வாள் வாய் பேசாது. ஆயினும் அதன் உடம்பு பேசும். பாரோங்கின் அலகு இலை வடிவினது. நடுவில் அகன்று, முனையில் கூர்ந்திருக்கும். அது சூலுத் தீவினரின் அடையாளம். கம்பிலான் நீண்டது, பிடியிலிருந்து முனை நோக்கிச் செல்லச் செல்ல அகலும், அதன் பிடித்தலை, வாய் பிளந்த விலங்கைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். பானாய்த் தீவின் வாள்கள் பலவற்றின் அலகு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் தச்சனின் உளியைப் போலத் தீட்டப்பட்டிருக்கும். மோரோ மக்களின் கிரிஸ் நம் நாட்டுக் கெரிசின் உறவு. தீபகற்பத்து மலாய்க்காரர் ‘சுண்டாங்’ என்று வழங்கும் வாளுக்கு மிக நெருங்கிய உறவு. அதன் அகன்ற அடிப்பகுதி பழைய வாள்களில் தனி இரும்புத் துண்டாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கும். காலத்தால் பிந்திய பலவற்றில் அந்தப் பொருத்து மறைந்து, அவ்விடத்தில் வெறும் கோடு மட்டுமே கீறப்பட்டிருக்கும். அந்தக் கோட்டை உற்றுநோக்கத் தெரிந்தவர், வாள் எந்தத் தலைமுறையினது என்பதை ஓரளவு கணிக்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போலோக்கள் பல, வாகனங்களின் ஸ்பிரிங் பட்டைகளிலிருந்து அடிக்கப்பட்டவை. சிலவற்றின் அலகிலோ உறையிலோ ‘1945’ என்னும் ஆண்டும், ஊரின் பெயரும், போர்வீரரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வாறு பெயர் பொறித்த கத்தி, பெரும்பாலும் களத்தில் பறிக்கப்பட்டதன்று. போர் ஓய்ந்த கிராமத்துக் கொல்லன், வயிற்றுப் பிழைப்புக்காக அயல்நாட்டு வீரருக்கு அடித்து விற்றது. அல்லது உடன் நின்று போரிட்ட தோழன் அன்பினால் அளித்தது. 1942-இல் கலிபோர்னியாவில் பிலிப்பைன்ஸ் மக்களைக் கொண்டே அமெரிக்கப் படையில் ஒரு தனிப்பிரிவு அமைக்கப்பட்டதையும், அவ்வீரர்கள் துப்பாக்கியோடு போலோவையும் தாங்கிச் சென்றதையும் இங்கு நினைவுகூரலாம். அவர்களுள் ஒருவரின் கத்தி அவர் வீட்டில் இருக்குமாயின், அஃது எவரிடமிருந்தும் எடுக்கப்பட்டதன்று, அவருடையதே.

ஆராய்ச்சி என்பது பொழுதுபோக்கன்று, அறத்தின் முதற்படி என்று யாம் கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். ஒரே சுவரில் அருகருகே தொங்கும் நான்கு வாள்களுள் ஒன்று விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். ஒன்று அன்பளிப்பாக இருக்கலாம். ஒன்று தோற்றவன் முறைப்படி ஒப்படைத்ததாக இருக்கலாம். ஒன்று இறந்தவனின் கையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். 1906 மார்ச்சில் சூலுவின் புட் டாஜோ மலை முகட்டில், லெனர்ட் வுட் என்னும் தளபதியின் ஆட்சிக்குட்பட்ட அமெரிக்கப் படை, ஆண், பெண், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோரைக் கொன்று குவித்தது. அத்தகைய களத்தில் பொறுக்கிய வாளும், 1945-இல் ஒரு கொல்லனிடம் பேரம் பேசி வாங்கிய கத்தியும் ‘நினைவுப்பொருள்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சொல் ஒன்று, அறம் ஒன்றன்று. வாங்கியதைத் திருப்பித் தர முனைவது நற்செயல் போலத் தோன்றும் வீண்செயல். பறித்ததை வாங்கியது போல வைத்திருப்பதோ, பறித்த செயலைத் தொடர்ந்து செய்வதற்கு ஒப்பாகும். எது எதுவென்று அறியாதவர், தாம் நல்லவராக இருக்க விரும்பினாலும் இருக்க இயலாது.

அறிய முற்படுவோர்க்கு முதற்பகை பொய்யன்று, அழகிய கதை. “இதன் கறை இரத்தக்கறை” என்பர். பெரும்பாலும் அது துருவே. “ஒரு தலைவனோடு தனித்துப் போரிட்டு வென்றது” என்பர். அது சந்தையில் வாங்கியதாக இருக்கும். பேரன் கதையை விரும்புகின்றான்; கதை தாத்தாவை வீரராக்குகின்றது. உண்மையைத் தேடினால் தாத்தா சிறுத்துவிடுவாரோ என்னும் அச்சமும் உள்ளத்தின் ஓரத்தில் இருக்கின்றது. இந்த அச்சம் இழிவானதன்று, அன்பிலிருந்து பிறப்பது. ஆயினும், அன்புக்காகப் பொய்யைக் காப்போர், அந்த வாளுக்குரிய மற்றொரு மனிதனை இரண்டாம் முறை மறைக்கின்றனர். அவனுக்கும் பேரர்கள் இருக்கக்கூடும் அல்லவா?

அழகுபடுத்துதலும் ஒரு வகைப் பொய்யே. துருவைத் தேய்த்து, புதுப்பிடி போட்டுப் பளபளக்கச் செய்வோர், வாளின் சான்றுகளையே அழித்துவிடுகின்றனர். தொண்டைமானின் படைக்கலச் சாலையில் பழுதின்றி மின்னிய ஆயுதங்களையும், அதியமானின் களத்தில் சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடந்த ஆயுதங்களையும் ஔவையார் ஒப்பிட்டுப் பாடியதைத் தமிழர் அறிவர். மின்னுவது உண்மையைச் சொல்வதில்லை, சிதைந்ததே சொல்கின்றது என்னும் நுட்பம் நமக்குப் புதிதன்று.

பெயரிடுவதிலும் அறம் உண்டு. 1926-இல் ஹெர்பர்ட் கிரீகர் என்பார் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்திலிருந்த பிலிப்பைன்ஸ் ஆயுதங்களை விரிவாக வகைப்படுத்தி வெளியிட்டார். வாள்களை அடையாளங்காண முயல்வோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். ஆயின் அந்நூலின் தலைப்பே அவற்றை நாகரிக வளர்ச்சி பெறாதோரின் ஆயுதங்கள் என்னும் பொருள்படக் குறிக்கின்றது. இரும்பை மடித்து அடித்து, வெள்ளியும் தந்தமும் இழைத்துப் பிடி செய்த கைவினைஞரின் பெயர் ஒன்றும் அங்கே இடம்பெறவில்லை. கைப்பற்றியவர் இட்ட பெயரையே நாமும் வழிமொழிந்தால், ஆராய்ந்தும் பாதியே அறிந்தவராவோம். அதனைச் செய்தவனும் தாங்கியவனும் அதனை எப்பெயரால் அழைத்தான் என்று கேட்பதே முழு அறிவு.

ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தவுடன் கடமை எளிதாகிவிடும் என்று எண்ணுதல் வேண்டா. சில வேளைகளில் அது கடினமாகும். 1901 செப்டம்பர் 28-ஆம் நாள், சாமார் தீவிலுள்ள பலாங்கிகா என்னும் ஊரில், அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படையினரை ஊர்மக்கள் போலோக்களால் தாக்கினர். நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். அதற்குப் பழிவாங்கும் வகையில் தீவே பாழாக்கப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொல்லுமாறு பணித்த ஜேக்கப் ஸ்மித் என்னும் தளபதி 1902-இல் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பணி ஓய்வு பெறச் செய்யப்பட்டார். அவ்வூர்த் தேவாலயத்தின் மூன்று மணிகளைப் படையினர் எடுத்துச் சென்றனர். எங்கள் மணிகள் என்று ஊரார் கேட்டனர். மாண்ட எம் தோழரின் நினைவு என்று அமெரிக்க முன்னாள் வீரருள் பலர் மறுத்தனர். இரு தரப்பிலும் துயரம் உண்மையானதே. முடிவில் 117 ஆண்டுகள் கழிந்தபின், 2018 டிசம்பரில் அம்மணிகள் பலாங்கிகாவுக்கே திரும்பின. மணிகள் போனதால் மாண்ட வீரரின் நினைவு அழிந்துவிடவில்லை. துயரத்தை நினைப்பதற்குப் பிறர் பொருளைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

தமிழரோடு தொடர்புடைய சான்றும் ஒன்று உண்டு. 1765-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இலங்கையின் கண்டி நகரைத் தாக்கி அரண்மனையைச் சூறையாடியது. அப்போது அரசாண்டவர், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர். அங்கிருந்து போன பொருள்கள் ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தன. இலங்கை ஆய்வாளரும் நெதர்லாந்து ஆய்வாளரும் சேர்ந்து அவை வந்த வழியை ஆவணங்களில் தேடினர். அதன் பயனாக, லெவ்கே பீரங்கி எனப்படும் அணிகலன் போன்ற சிறு பீரங்கியும், பொன் வேலைப்பாடுடைய வாள் ஒன்றும், வெள்ளி வேலைப்பாடுடைய வாள் ஒன்றும், ஒரு கத்தியும், இரண்டு துப்பாக்கிகளுமாக ஆறு பொருள்கள் 2023-இல் இலங்கைக்கு மீண்டன. ஆரவாரம் செய்து மீட்கப்பட்டவை அல்ல அவை. ஏடுகளைப் பொறுமையாகப் படித்தோரால் மீட்கப்பட்டவை.

அறிவு மட்டும் போதுமோ எனின், போதாது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டு, தளபதி டேவிட் பெயர்டுக்கு அளிக்கப்பட்ட வாளின் வரலாறு ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்ததே. அவ்வாள் 2023 மே மாதத்தில் இலண்டனில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. அதன் வரலாறு அங்கே மனச்சான்றைத் தூண்டவில்லை, விலையைத் தூண்டியது. ஆகவே அறிவு அறத்தின் வாயில்; அறமே ஆகாது. வாயில் திறந்தபின் உள்ளே நுழைவதும் விலகிப் போவதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தவை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். “பிலிப்பைன்ஸ் உழவன் தன் மண்ணுக்காகப் போரிட்டவன், அவனுக்காக இரங்குதல் எளிது. நம்மை நசுக்கிய பகைவனின் வாள் நம் கையில் இருந்தால் என்ன செய்வீர்?” என்பதே அது. நியாயமான கேள்வி. 1942 முதல் 1945 வரை மலாயாவில் ஜப்பானிய அதிகாரியின் இடையில் தொங்கிய வாள் எதனைக் குறித்தது என்பதை நம் முதியோர் அறிவர். சயாம் மரண இரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மடிந்தனர். சரணடைந்த ஜப்பானியரின் வாள்கள் 1945-இல் குவியல் குவியலாக ஒப்படைக்கப்பட்டு, ஆங்கில, இந்திய, ஆஸ்திரேலிய வீரர்களின் நினைவுப்பொருள்களாகப் பல நாடுகளுக்கும் பரவின. தளபதி தெராவுச்சி சைகோனில் மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்த வாள்களைப் போன்ற சிலவற்றின் இருப்பிடம் உலகறிந்தது. மற்றவை பெயரிழந்தன.

அவற்றையும் ஆராய்ந்தே அறிய வேண்டும் என்பதே எம் விடை. பல, தொழிற்சாலையில் எண் பொறித்துச் செய்யப்பட்டவை. சிலவற்றின் இராணுவப் பிடியைக் கழற்றினால், உள்ளே மறைந்திருக்கும் அடிக்காம்பில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கொல்லனின் பெயர் காணப்படும்; ஒரு குடும்பம் வழிவழியாகக் காத்த வாள் அது. சிலவற்றில், ஒப்படைத்தவர் தம் பெயரையும் ஊரையும் எழுதிக் கட்டிய சீட்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. தோற்று, ஆயுதம் இழந்து நின்ற வேளையிலும் “இது என்னுடையது, என்றேனும் என் வீட்டைச் சேரட்டும்” என்று ஒருவர் எழுதினார். அவர் நல்லவராகவும் இருந்திருக்கலாம், கொடியவராகவும் இருந்திருக்கலாம். அந்தச் சீட்டைப் படிப்பதனால் நம்மவரின் துயரம் சிறிதும் குறைந்துவிடாது. ஆனால் படிக்க மறுத்தால், மனிதரை எண்களாகவும் கூலிகளாகவும் மட்டுமே கண்டவர்களின் கண்ணையே நாமும் கடன் வாங்கியவராவோம். பகைவனின் வாளை அவன் குடும்பத்துக்குத் திருப்பித் தருவதா வேண்டாமா என்பதை, இழந்தவர்களே முடிவு செய்யட்டும். அவர்களை மன்னிக்குமாறு வற்புறுத்த எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் அறிந்து வைத்திருப்பதும் அறிந்து கொடுப்பதும் மானமுள்ள செயல்கள். அறியாமல் வைத்திருப்பது ஒன்றே நமக்குத் தகாதது.

அவ்வாறாயின் வைத்திருப்போர் செய்யத்தக்கது யாது? முதலில், வாளைத் தேய்த்துப் புதுப்பியாதிருத்தல். அடுத்து, அதனைப் பற்றிக் குடும்பத்தில் வழங்கும் சொற்களைக் கேட்டவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி வைத்தல். கேள்விப்பட்டது இது, கண்டது இது என்று பிரித்தெழுதல். பின்னர், கொண்டுவந்தவர் எந்தப் படையில், எந்த ஆண்டில், எந்தத் தீவில் இருந்தார் என்று தேடி, வாளின் உடம்பு சொல்லும் செய்தியோடு ஒப்பிடுதல். இரண்டும் பொருந்தினால் மகிழலாம். முரண்பட்டால் கதையை விட்டு இரும்பை நம்ப வேண்டும். அதன் பின்னரே, வைத்திருப்பதா, பிறந்த மண்ணின் அருங்காட்சியகத்துக்கு அறிவிப்பதா, உரியவரைத் தேடிக் கொடுப்பதா என்னும் முடிவு. விற்பதற்காக மட்டும் ஆராய்பவரும் இதே வழியில்தான் நடக்கின்றார். ஆயின் வழியின் முடிவில் அவர் விலைச்சீட்டை மட்டுமே காண்கின்றார், மனிதனைக் காண்பதில்லை.

இவையெல்லாம் பெரும்போர்களுக்கும் பெருவாள்களுக்கும் உரியன என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1945-இன் குழப்பத்தில் கைமாறிய பாராங் ஒன்று, ஜொகூரின் ஏதேனும் ஒரு வீட்டுப் பரணில் இன்றும் கிடக்கக்கூடும். வீட்டாரைக் காக்க ஏந்தியதோ, அயலாரைத் தாக்க ஏந்தியதோ, யார் அறிவார்? அதனைத் தாங்கியவரும் அதனால் வீழ்ந்தவரும் ஒரே சந்தையில் பழம் விற்றவர்களாக இருந்திருக்கலாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே பள்ளியில் பயிலலாம். அத்தகைய கத்தியைக் கண்டெடுப்பவர், வெற்றிச் சின்னமாக அதனை மாட்டவும் வேண்டா. வெட்கி ஆற்றில் எறியவும் வேண்டா. எறிந்தால் கத்தி மறையும், நடந்தது மறையாது. வீட்டிலுள்ள முதியவரின் அருகில் அமர்ந்து, “இஃது எப்படி நம் வீட்டுக்கு வந்தது?” என்று ஒருமுறை கேட்டால் போதும்.

பெக்கான் நானாஸின் தோட்டங்களில் நாளைக் காலையும் பாராங்குகள் எழும்பும், பழம் அறுக்கும், மாலையில் கழுவப்பட்டுத் திண்ணையோரம் சாத்தப்படும். அவை யாருடையவை, எதற்கு உரியவை என்பதை வீட்டிலுள்ள குழந்தையும் அறியும். கடல் கடந்து சென்று பெயர் இழந்த ஒவ்வொரு வாளும் ஒரு காலத்தில் இவ்வாறே ஒரு திண்ணையோரம் சாத்தப்பட்டிருந்ததுதான். அந்தத் திண்ணை எதுவென்று தேடுவதே, அதனை இன்று கையில் வைத்திருப்பவர் செலுத்த வேண்டிய முதற்கடன்.